பந்தைப் பார்க்காத அக்கா

ஃபுட்பால் ஆட்டத்தில் பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கிற ஒரே ஒருவரைத்தான் நான் சந்தித்திருக்கிறேன். கிங்ஸ்பரியில் ஒரு தொடக்கப் பள்ளியின் சமையலறையில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அக்கா அவர். ஐம்பதை நெருங்கும் வயது. குட்டையான உருவம். மழையோ வெயிலோ, கழுத்துவரை ஜிப் போட்ட நீலக் கோட்டு. பெயர் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் அணியில் இருந்த வெள்ளைக்காரப் பெண்கள் உட்பட எல்லோரும் அவரை "அக்கா" என்றே கூப்பிட்டார்கள். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

நான் சொல்வது லண்டனில் எல்லோரும் காலால் உதைக்கும் ஃபுட்பால் அல்ல. ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, இரண்டு முனையும் கூரான பந்தைக் கையால் எறிந்து, ஆளை ஆள் இடித்துத் தள்ளி ஆடும் அமெரிக்க ஃபுட்பால். அதில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. பந்து முதலில் அவர் கைக்கு வரும். யாருக்கு எறிவது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவருக்கு முன்னால் சிலர் சுவர்போல நின்று, பாய்ந்து வரும் எதிராளிகளைத் தடுப்பார்கள். சுவர் மூன்று விநாடி நின்றால் குவார்ட்டர்பேக் கெட்டிக்காரர். நிற்காவிட்டால் தரையில் கிடப்பார். ஜெயித்தால் அவர் படத்தைப் போடுவார்கள். தோற்றால் அவரைத் தூக்கு என்பார்கள்.

ஆறேழு வருடங்களுக்கு முன்பு நான் ஒரு குவார்ட்டர்பேக். வடமேற்கு லண்டனில் ஒரு பெண்கள் அணி. சம்பளம் கிடையாது, ஆள் கிடைப்பதே கஷ்டம் என்பதால் எங்கள் லீக்கில் பக்கத்துக்கு ஏழு பேர்தான் ஆடுவோம். திருச்சியில் பள்ளி நாட்களில் த்ரோபால் ஆடிப் பழகிய தோள் எனக்கு. ஐ.டி. வேலைக்கு லண்டன் வந்து, முப்பத்திரண்டு வயதில், அலுவலகத் தோழி ஒருத்தி இழுத்துப் போனதால் மைதானத்துக்குப் போனேன். நான் எறிந்த முதல் பந்தைப் பார்த்த கோச் டோனா, "நீ இங்கேயே நில்" என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை.

இரண்டாவது வாரப் பயிற்சியிலேயே அக்காவின் குரலைக் கேட்டேன். ஹெல்மெட்டுக்குள் காது அடைத்திருக்க, பந்தை வைத்துக்கொண்டு யாருக்கு எறியலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். மைதானத்தின் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்து, "இடப்பக்கம் பிள்ளை, இடப்பக்கம்!" என்று சுத்தமான தமிழில் ஒரு கத்தல். லண்டன் பூங்காவில் தமிழ் கேட்ட ஆச்சரியத்தில் குரல் வந்த பக்கம் திரும்பினேன். இடது பக்கத்திலிருந்து வந்தவள் என்னை ஈரப் புல்லில் சாய்த்துவிட்டாள்.

பயிற்சி முடிந்ததும் அக்கா நேராக என்னிடம் வந்தார்.

"நான் கத்தினதாலதான் விழுந்தனீர். பிழை என்னில. மன்னிச்சுக்கொள்ளும்" என்றார். பிறகு, "ஆனா நான் கத்தாட்டிலும் விழுந்திருப்பீர்" என்று சேர்த்துக்கொண்டார்.

அவருடைய மகள் தர்ஷிகாவும் எங்கள் அணிதான். எனக்கு முன்னால் சுவராக நின்ற மூன்று பேரில் இடது முனையில் நின்றவள். வலது கையால் எறிகிறவளுக்கு இடது பக்கம்தான் கண்ணுக்குத் தெரியாத பக்கம். என் முதுகை அவளிடம் ஒப்படைத்துவிட்டு ஆட வேண்டும்.

அக்கா இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட விதம் விசித்திரமானது. வெம்ப்ளி ஸ்டேடியத்தில் ஆட்ட நாட்களில் ஸ்டூவர்ட் வேலைக்குப் போவார். மஞ்சள் சட்டை போட்டு, படிக்கட்டின் அடியில் நின்று கூட்டத்தைக் கவனிக்கிற வேலை. ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. இலையுதிர் காலத்தில் அமெரிக்க அணிகள் வந்து ஆடும்போதும் அப்படித்தான் நின்றார்.

"மூண்டு வருசம் நான் ஒரு மட்சும் பாக்கேல்ல, சனத்தின்ர முகத்தைத்தான் பாத்தனான்" என்று ஒருநாள் சொன்னார். "எல்லாரும் ஒரே நேரத்தில வாயைப் பிளப்பினம். ஒருத்தர் மட்டும், ஒரு கிழவர், அதுக்கு முன்னமே கண்ணை மூடிப்போடுவார். அவருக்கு எப்பிடி முதலே தெரியுது எண்டு யோசிச்சன். ஆட்டம் முடிஞ்சு சனம் போகேக்க கேட்டன். நான் பந்தைப் பாக்கிறேல்ல, முன்னுக்கு நிக்கிறவையளைப் பாக்கிறன் எண்டார்."

அதன் பிறகு வீட்டில் டி.வி.யில் பார்க்கத் தொடங்கினார். இலையுதிர்கால ஞாயிறுகளில் மாலை ஆறு மணிக்கு அமெரிக்க ஆட்டம் ஆரம்பமாகும். அந்த வருடம் நான் பல ஞாயிறுகள் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். பஸ் ஓட்டும் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து சோபாவில் தூங்கிக்கொண்டிருப்பார். தர்ஷிகா தரையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அக்கா டி.வி.யின் சத்தத்தை அடைத்துவிடுவார். வர்ணனையாளர்கள் எல்லோரும் பந்தின் பின்னாலேயே ஓடுகிறார்கள் என்பது அவர் குறை.

அவர் ஆதரித்தது ஏரிக்கரைக் குளிர் ஊர் ஒன்றின் அணியை. பல வருடங்களாகத் தோற்கும் அணி. ஏன் அதைப் பிடித்துக்கொண்டார் என்று கேட்டதற்கு, "முதல் நாள் நான் டி.வி.யைப் போடேக்க அவையள்தான் வந்தவை" என்றார். அந்த அணி இரண்டு வருடத்துக்கு ஒரு குவார்ட்டர்பேக்கை மாற்றும். ஒவ்வொருவரை விரட்டும்போதும் அக்கா கொதிப்பார்.

"இவனை ஏன் கலைக்கினம்? இவன் என்ன செய்தவன்? பந்து கையில வந்து நான் ரெண்டு எண்ண முதல் மூண்டு பேர் அவனுக்கு மேல நிக்கினம். கடவுள் வந்து நிண்டாலும் எறிய ஏலாது. ஆர் விழுந்தது எண்டு கேக்கிறாங்கள். ஆர் விட்டது எண்டு ஒருத்தரும் கேக்கிறாங்களில்லை."

எதைப் பற்றிப் பேசினாலும் இதே கேள்விக்கு வந்துவிடுவார். பள்ளிச் சமையலறையில் ஒரு பெண் தட்டுகளைக் கீழே போட்டு உடைத்து, மேலாளர் அவளைக் கடிந்துகொண்டபோது, அக்கா போய் தரையைத் தடவிப் பார்த்திருக்கிறார். டிஷ்வாஷரின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அதைக் காட்டிவிட்டு, உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாராம். இதை எனக்குச் சொன்னது தர்ஷிகா. அக்காவுக்கு அது சொல்லத் தக்க விஷயமாகவே தோன்றியிருக்கவில்லை.

அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது என்றும் இல்லை. அந்த ஏரிக்கரை அணியில் வயதான குவார்ட்டர்பேக் ஒருவர் இருந்தார். அவரை உட்காரவைத்து இளைஞன் ஒருவனை இறக்க வேண்டும் என்று ஊரே சொன்னது. அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. சுவரைச் சரிசெய்தால் கிழவர் இன்னும் இரண்டு வருடம் ஆடுவார் என்று வாதாடினார். ஒரு ஞாயிறு அந்தக் கிழவர் காயம்பட்டு வெளியேற, இளைஞன் வந்தான். அதே சுவருக்குப் பின்னால் நின்று, பாய்ந்து வருகிறவர்களுக்கு இடையே நழுவி நழுவி எறிந்து ஜெயித்துக் கொடுத்தான்.

"நான் பிழை. சுவரும் பிழை, ஆளும் பிழை" என்றார் அக்கா.

"விடுங்கக்கா, டி.வி. பார்க்கிறவங்க சொல்றதுதானே" என்றேன்.

"இல்லை. பிழை எண்டா பிழைதான். அந்தப் பெடியன் ஆறு மாதம் சும்மா இருந்தவனெல்லே" என்றார். அவன் அக்காவால்தான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் என்பதுபோல அன்றைக்கு முழுவதும் முகம் வாடியே இருந்தது.

தர்ஷிகா எப்படி அணிக்கு வந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். இருபத்து நான்கு வயது. பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, ஒரு வருடத்துக்கு மேல் அறையைவிட்டு வெளியே வரவில்லை. என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. அக்கா கதவுக்கு வெளியே சாப்பாட்டை வைப்பார், தட்டு காலியாகத் திரும்பி வரும். ஒரு ஞாயிறு சத்தமில்லாமல் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது கீழே இறங்கி வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் சவுண்ட் இல்லை?" என்று கேட்டிருக்கிறாள். அன்று தொடங்கியதுதான் எல்லாம். எங்கள் அணி ஆள் தேடுகிறது என்று கண்டுபிடித்ததும் அவளே. வாரத்தில் இரண்டு நாள் வெளியே போக அவளுக்கு ஒரு இடம் கிடைத்தது. பிறகு ஒரு மருந்துக்கடையில் பகுதிநேர வேலையும் கிடைத்தது.

இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அடுத்து நடந்தது அவ்வளவு கனமாக இருந்தது.

வசந்தத்தில் எங்கள் லீக் ஆட்டங்கள் தொடங்கின. முதல் மூன்றிலும் தோற்றோம். மூன்றிலும் நான் எறிந்த பந்துகள் எதிரணியின் கைகளில் போய் விழுந்தன. அவசரத்தில் எறிந்தவை, தரையில் விழுந்துகொண்டே எறிந்தவை. அணியின் வாட்ஸ்அப் குழுவில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் கேட்டி என்ற உயரமான பெண் பயிற்சியில் எறிந்த ஒரு வீடியோவை யாரோ போட, அதற்குக் கீழே பதினாறு இதயங்கள் விழுந்தன. நானும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்த பயிற்சி முடிந்ததும் கோச் டோனா என்னைக் கார் நிறுத்துமிடத்துக்கு அருகே கூப்பிட்டார். அடுத்த ஆட்டத்துக்கான பட்டியலில் மாற்றம் செய்யப் போவதாக ஆரம்பித்தார். டோனா பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. கெட்ட செய்தியைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவர். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது நீலக் கோட்டு எங்களை நோக்கி வந்தது.

"கோச், ஒன் மினிட்" என்றார் அக்கா. என்னைக் காட்டி, "திஸ் கேர்ள் நோ ப்ராப்ளம்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "மை டோட்டர் ப்ராப்ளம். லெஃப்ட் சைட். எவ்ரி டைம்" என்றார்.

டோனா எங்களுக்குப் பின்னால் பார்த்தார். தர்ஷிகா ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

அவள் அம்மாவைப் பார்த்த பார்வையை என்னால் விவரிக்க முடியாது. கோபம்கூட இல்லை அதில். ஹெல்மெட்டைப் புல்லில் வைத்தாள். மிக மெதுவாக, உடைந்துவிடும் பொருளை வைப்பதுபோல வைத்தாள். பிறகு திரும்பிப் பூங்காவின் வாசலை நோக்கி நடந்துவிட்டாள். அக்கா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவு வேகமாக வராது. அதற்குள் அவள் போய்விட்டாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? அவளுக்கு இது ஒண்ணுதானே இருக்கு! நான் உட்கார்ந்தா என்ன குறைஞ்சு போச்சு? எனக்கு வேலை இருக்கு, வேற ஆயிரம் இருக்கு."

அக்கா குனிந்து ஹெல்மெட்டை எடுத்து, ஒட்டியிருந்த புல்லைத் தட்டினார்.

"இது ஒண்டுதான் இருக்கு எண்டபடியால்தான் சொன்னனான்" என்றார். "அவளின்ர பிழைக்கு உம்மைக் கலைச்சா, அது அவளுக்கு ஒருநாள் விளங்கும். அண்டைக்கு அவள் தன்னையே மன்னிக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும், பிள்ளை. ஒரு வருசம் அந்தக் கதவுக்கு வெளியில நிண்டனான்."

அடுத்த இரண்டு பயிற்சிகளுக்கும் தர்ஷிகா வரவில்லை. மருந்துக்கடைக்கும் போகவில்லை என்று தெரிந்தது. அக்கா மட்டும் வந்தார். அதே இடத்தில், எல்லைக்கோட்டுக்கு வெளியே, தனியாக நின்றார். யாரும் அவரோடு அதிகம் பேசவில்லை. சிலருக்கு அவர் மேல் வருத்தம், சிலருக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. இடைவேளையில் அவர் கொண்டுவந்திருந்த கட்லட் டப்பா மூடியபடியே இருந்தது. நான் போய் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

"அவ எப்படி இருக்கா?"

"கதவு பூட்டு." பிறகு, "நான் முழுக்கச் சொல்லி முடிக்கேல்ல, பிள்ளை" என்றார்.

"என்ன சொல்ல வந்தீங்க?"

அவர் கோட்டின் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி, உள்பையிலிருந்து போனை எடுத்தார். அதில் நாற்பது ஐம்பது சின்னச் சின்ன வீடியோக்கள். எங்கள் மூன்று ஆட்டங்களையும் எடுத்திருந்தார். ஒன்றில்கூடப் பந்து இல்லை, நானும் இல்லை. எல்லாவற்றிலும் தர்ஷிகா. எதிராளி ஒருத்தி அவளை ஏமாற்றிக் கடந்து போகிறாள். தர்ஷிகா பின்னால் நகர்ந்து தடுக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. அதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"இப்ப வடிவாப் பாரும்" என்றார் அக்கா.

ஏமாந்த அடுத்த கணமே தர்ஷிகா திரும்பி, தன்னைக் கடந்து போனவளைத் துரத்துகிறாள். கடந்தவளோ எங்கள் அணியில் யாராலும் பிடிக்க முடியாத ஓட்டக்காரி. தர்ஷிகா நாலே எட்டில் பிடித்துவிடுகிறாள். அடுத்த வீடியோவிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும். அதற்குள் நான் விழுந்திருப்பேன், ஆகவே யாரும் அந்தப் பக்கம் பார்த்திருக்கவில்லை.

"பின்னுக்கு நகரேக்க இவளுக்கு ஏலாது. முன்னுக்குப் பாயேக்க இவளைப் பிடிக்க ஆள் இல்லை" என்றார் அக்கா. "இவளை உமக்கு முன்னுக்கு நிப்பாட்டினது பிழை. மற்றப் பக்கத்தில நிப்பாட்டி, அவையின்ர குவாட்டர்பக்கைத் துரத்த விட வேணும். அதைத்தான் கோச்சுக்குச் சொல்ல வந்தனான். இங்கிலீஷ்ல பாதி வர, அவள் போயிட்டாள்."

"இதை அவகிட்ட காட்டினீங்களா?"

"என்ர கையால குடுத்தா பாக்க மாட்டாள்."

அன்று மாலையே நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். படியேறி, தர்ஷிகாவின் அறைக் கதவைத் தட்டாமல், அதன் அடி இடுக்கு வழியாக அக்காவின் போனை உள்ளே தள்ளினேன். வாசலிலேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன். கீழே அக்கா சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். பாத்திரம் எதுவும் கழுவுகிற சத்தம் கேட்கவில்லை.

கால் மணி நேரத்துக்குப் பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. "இதெல்லாம் அம்மா எடுத்ததா?"

"ஆமா."

"எல்லாத்திலயும் நான்தான் இருக்கன்."

"ஆமா, தர்ஷி. நான் ஒண்ணுலகூட இல்ல. கொஞ்சம் வருத்தம்தான்."

அவள் சிரித்தாளா மூக்கை உறிஞ்சினாளா என்று தெரியவில்லை. கதவு திறந்தது. என்னைத் தாண்டி, படிகளில் இறங்கி, சமையலறைக்குப் போனாள். நான் மேலேயே இருந்துகொண்டேன். குழாய் நின்றது. தர்ஷிகா ஆங்கிலத்தில் வேகமாக, அழுதுகொண்டே, நீண்ட நேரம் பேசினாள். அக்கா அதில் பாதியைப் புரிந்துகொண்டிருப்பார். பதிலுக்கு ஒரே ஒரு வாக்கியம் என் காதில் விழுந்தது. "ஆக்களுக்கு முன்னால சொன்னது பிழை, ஆனா சொன்னது பிழையில்லை." அதற்கும் ஒரு சண்டை நடந்தது. ஆனால் இரண்டு பேரும் ஒரே அறைக்குள் நின்று போட்ட சண்டை.

நான்காவது ஆட்டம் இல்ஃபோர்ட் பக்கம், நல்ல மழையில். டோனா வீடியோக்களைப் பார்த்துவிட்டு தர்ஷிகாவைத் தற்காப்புப் பக்கம், அதாவது எதிரணியிடம் பந்து இருக்கும்போது இறங்குகிறவர்களோடு, மாற்றியிருந்தார். ஆனால் முதல் பாதிக்குக் கேட்டியைத்தான் குவார்ட்டர்பேக்காக இறக்கினார். நான் ஓரத்தில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா எனக்குப் பரிந்து பேசுவார் என்று ஓர் ஆசை. அவர் கேட்டி எறிவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லாத்தான் எறியிறாள்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் அப்படித்தான். நமக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு வார்த்தையைக் கூட்டவோ குறைக்கவோ அவருக்கு வராது.

தர்ஷிகா அன்று எதிரணிக் குவார்ட்டர்பேக்கை நான்கு முறை வீழ்த்தினாள். முதல் முறை வீழ்த்திவிட்டு, தான் செய்ததைத் தானே நம்பாமல், கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து கத்தினோம். இரண்டாம் பாதியில் டோனா என்னை இறக்கினார். இடது பக்கம் வேறொருத்தி நின்றாள். எனக்கு நேரம் கிடைத்தது. அவ்வளவு நேரம் கையில் பந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே முதலில் புரியவில்லை. பிறகு எறிந்தேன். அந்த வருடத்தின் முதல் வெற்றி அது.

மீதி ஆட்டங்களைக் கேட்டியும் நானும் பகிர்ந்துகொண்டோம். அதற்கடுத்த வருடம் என் தோள் ஒத்துழைக்கவில்லை. அதன் பின் வேலை மாறி லண்டனை விட்டும் போய்விட்டேன். ஆனால் அலுவலகத்தில் ஒரு புராஜெக்ட் சறுக்கி, யாரை மாற்றலாம் என்று கூட்டம் போடும்போதெல்லாம், அந்த ஆளுக்கு முன்னால் யார் நின்றார்கள் என்று ஒரு தடவை தேடிப் பார்க்கிறேன். பெரும்பாலும் யாரோ நின்றிருக்கிறார்கள். சில தடவை அது நானாகவே இருந்திருக்கிறது.

சென்ற இலையுதிர் காலத்தில் தர்ஷிகா கூப்பிட்டாள். விட்ட படிப்பை வேறொரு கல்லூரியில் முடித்துவிட்டாள். தேசிய மகளிர் அணியின் தேர்வு முகாமுக்குப் போயிருந்ததும் எனக்குத் தெரியும். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பட்டியல் வந்துவிட்டது, முதல் அணியில் இல்லை, ரிசர்வில் பெயர் இருக்கிறது என்றாள். குரலில் ஏமாற்றம் இருந்தது. நான் ஏதோ சொல்லித் தேற்றப் பார்த்தேன். பக்கத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"முதல் அணியில போட்டவளின்ர வீடியோ நான் பாத்தனான். அவள் இவளை விடக் கெட்டிக்காரி. ரிசேர்வ்ல போட்டது சரியான முடிவு."

"அம்மா!" என்றாள் தர்ஷிகா.

"சரியான முடிவுதான்" என்றார் அக்கா மறுபடியும். "ஆனா அவளுக்கு இடப்பக்கம் திரும்ப நேரம் எடுக்குது. அடுத்த வருசம் ஆளை மாத்துவினம்."

தர்ஷிகா சிரிக்கத் தொடங்கினாள். அக்கா, தான் வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.